கையிருப்பு

எங்கள் முதல் வேலைநிறுத்தம் ஒரு மாதத்தின் 3-ஆம் தேதி தொடங்கி ஒன்பதாம் நாள் முடிந்தது. முடிந்தது என்பதைவிட உதிர்ந்தது என்பதே சரி. அந்தத் தேதியைக் குறித்தவர் யார் என்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. வாயிற்கூட்டத்தில் கோபம் ஏறியது, கைகள் உயர்ந்தன, "நாளை முதல்" என்று ஒரு குரல் எழுந்தது, அவ்வளவுதான். பாதிப் பேருக்கு வண்டித் தவணை 5-ஆம் தேதி, சம்பளம் 7-ஆம் தேதி. வேலை பார்த்து முடித்த மாதத்தின் சம்பளத்தையே நிர்வாகம் அந்த முறை இழுத்தடித்தது. ஆறாம் நாள் முதல் ஆள் உள்ளே போனான். அவனைக் கருங்காலி என்று வைதவர்களில் நானும் ஒருவன். அவன் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி என்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் வைதேன்.

ஒரகடம் வட்டாரத்தில் கார் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. நான் பிரஸ் பிரிவில் இருந்தேன். கார் ஆலைகள் சரக்கைக் குவித்து வைப்பதில்லை, சில மணி நேரத்துக்கு வேண்டியதைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆகவே நாங்கள் நிறுத்தினால் இரண்டாம் நாளே அங்கே லைன் நின்றுவிடும் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறில்லை. எங்கள் கம்பெனியின் கிடங்கைச் சேர்க்காமல் போட்டதுதான் தவறு.

வேலைநிறுத்தத்துக்கு முந்தைய மூன்று வாரமும் மிகைநேர வேலை தாராளமாகக் கிடைத்தது. சட்டப்படி அதற்கு இரட்டைச் சம்பளம். தீபாவளிக்கு முன்பே தீபாவளி வந்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய் நின்றோம். எங்களை எதிர்கொள்ளத் தேவையான சரக்கை எங்களையே கொண்டு, எங்கள் முழுச் சம்மதத்தோடு, செய்து வாங்கிக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கசப்பான சிரிப்பு.

இது முன்கூட்டியே தெரிந்த ஒருவர் இருந்தார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர், ஒப்பந்தத் தொழிலாளர். எல்லாம் முடிந்து மாதக்கணக்கான பிறகு டீக்கடையில் சொன்னார்: "இருபது நாளுக்குச் சரக்கு இருந்தது அண்ணே. நீங்கள் யாரும் என்னைக் கேட்கவில்லையே." கேட்கவில்லைதான். எங்கள் வாயிற்கூட்டத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அழைத்ததில்லை. கேன்டீனில்கூடத் தனித்தனி மேசைதான். அவர்கள் எண்ணிக்கை எங்களைப் போல இரண்டு மடங்கு.

சென்னையில் 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்நின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய கதையைத் தொழிற்சங்க வகுப்புகளில் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றே ஆண்டில், 1921-இல், பின்னி ஆலை வேலைநிறுத்தம் சாதிவாரியாகப் பிளந்ததையும், ஆதி திராவிடத் தொழிலாளர்கள் தனித்து வேலைக்குப் போனதையும், புளியந்தோப்பு கலவரத்தில் எரிந்ததையும் அவ்வளவு விரிவாகச் சொல்வதில்லை. ஏற்கெனவே தள்ளி நிறுத்தப்பட்டவனிடம் போராட்ட நாளன்று மட்டும் ஒற்றுமையைக் கேட்டால் அவன் எங்கிருந்து எடுத்துத் தருவான்? எங்கள் ஆலையில் கோடு நிரந்தரத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் எந்தெந்த ஊர்க்காரர்கள், எந்தத் தெருக்காரர்கள் என்று பார்த்தால் அது அத்தனை புதிய கோடும் இல்லை.

இரண்டாவது முறைக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இந்த முறை கையைத் தூக்கச் சொல்லி எண்ணவில்லை. கை தூக்குவதற்குச் செலவு கிடையாது. கம்பெனி பஸ்கள் பதினொன்று. பஸ்ஸுக்கு ஒருவர் பொறுப்பு, அவரிடம் ஒரு நோட்டு. முதலில் ஒரு நாள் கேன்டீன் உணவைப் புறக்கணித்தோம். யார் சாப்பிடவில்லை என்பதைக் காட்டிலும் யார் ஒளிந்து சாப்பிட்டார்கள் என்பதையே குறித்துக்கொண்டோம். திட்டுவதற்காக அல்ல, போய்ப் பேசுவதற்காக. பெரும்பாலும் வீட்டில் ஏதோ ஒரு கடன் இருந்தது, இல்லையென்றால் சூபர்வைசர் உறவினராக இருந்தார். ஒரு மாதம் கழித்துக் கோரிக்கை அட்டை அணிந்து வேலை செய்தோம். மேலதிகாரியின் கண்ணெதிரே சட்டையில் ஓர் அட்டையைக் குத்திக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பது சாப்பாட்டை விடுவதைவிடக் கடினம். எண்ணிக்கை குறைந்தது. மறுபடியும் நோட்டு, மறுபடியும் வீடு வீடாக.

அதன் பிறகுதான் மிகைநேர வேலையை மறுத்தோம். கிடங்கில் அடுக்கு குறைவதை ஃபோர்க்லிஃப்ட்காரர் வாரந்தோறும் சொன்னார். எங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகவும் இரண்டு கோரிக்கைகள் ஏறியிருந்தன. முழு மனதோடு ஏற்றினோம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கிடங்கின் கணக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது.

சட்டத்தையும் கொஞ்சம் படித்தோம். தொழிற்தகராறை முறைப்படி எழுப்பிச் சமரச அலுவலர் முன் வைத்தோம். சமரசம் நிலுவையில் இருக்கும்போது தகராறு தொடர்பான பணி நிலைமைகளை நிர்வாகம் தன்னிச்சையாக மாற்ற முடியாது என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம். ஒரு நாள் நின்றால் எட்டு நாள் சம்பளம் போகும் என்று மிரட்டுவார்களே, அதுவும் நினைத்தபடியெல்லாம் செய்யக்கூடியது அல்ல, அதற்கும் நிபந்தனைகள் உண்டு என்று தெரிந்ததில் பலருக்குப் பாதி பயம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் ஒன்றில் குடும்பங்களோடு கூட்டம் போட்டோம். பேச வந்தவர் "வெற்றி கிடைக்கும் வரை" என்றார். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து, "அரிசிக்கு அப்படிச் சொல்ல முடியாது, நாள் கணக்குச் சொல்லுங்கள்" என்றார். அத்தனை ஆண்டுச் சங்க வாழ்க்கையில் நான் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அதுதான். மாதம் 200 ரூபாய் வீதம் சேர்த்திருந்த நிதியை வைத்து இருபத்தைந்து நாள் என்று கணக்குச் சொன்னோம். கிடங்கில் அப்போது ஆறு நாளுக்கு மேல் சரக்கு இல்லை. சம்பளம் வந்து தவணைகளெல்லாம் போன பிறகு, 11-ஆம் தேதி காலை முதல் ஷிஃப்டில் வெளியே வந்தோம்.

2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் நின்றபோது, ஊதியமில்லாத அந்த முப்பத்தேழு நாளை எத்தனை சமையலறைகள் எப்படித் தாங்கின என்றே என் புத்தி போயிற்று. முழக்கங்கள் எல்லாம் பிறகுதான் காதில் விழுந்தன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். பதினான்கு நாளில் ஒரு கிடங்கு எவ்வளவு நிரம்பும் என்பது எனக்குத் தெரியும்.

எங்களுடையது பதினேழாம் நாள் முடிந்தது. சமரச அலுவலர் முன் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தம், மூன்றாண்டு ஊதிய உயர்வு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நாங்கள் கேட்ட இரண்டில் ஒன்று மட்டும். போராட்டத்தின்போது பணி இடைநீக்கம் செய்யப்பட்ட மூவர் விஷயத்தில் நிர்வாகம் கடைசி வரை இறங்கவில்லை. "உள்விசாரணையின் முடிவுக்கு உட்பட்டு" என்ற வரியோடு கையெழுத்திட்டோம். நிதியில் இன்னும் எட்டு நாள் பாக்கி இருந்தது. அந்த எட்டு நாளையும் நின்றிருக்கலாமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மூவரில் இருவர் ஓராண்டுக்குப் பிறகு உள்ளே வந்தார்கள். மூன்றாமவன் என் பஸ்ஸின் நோட்டை வைத்திருந்தவன். கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான். கையெழுத்தான இரவு அவன் வீட்டு வழியாகத்தான் திரும்பினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் முதல் ஷிஃப்ட் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன்.