குன்னூர் குளிரில் பொங்காத இட்லி மாவு: மூன்று வாரச் சோதனை

குன்னூருக்குக் குடிவந்து முதல் ஜனவரி. இரவு எட்டு மணிக்குக் கரைத்து வைக்கிற மாவு காலை ஏழுக்கும் வைத்த மட்டத்திலேயே கிடந்தது. அம்மா போனில், "கையால நல்லா கரைச்சு வை, எல்லாம் கைராசிதான்" என்றார். கரைத்தும் பொங்கவில்லை.

அப்புறம்தான் 1965-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் உள்ளிட்டோர் அமெரிக்காவில் இட்லி மாவை வைத்துச் செய்தது. மாவை உப்ப வைக்கும் வாயுவை முக்கியமாக உண்டாக்குவது லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்கிறது. அதுவும் தானியத்தோடேயே வந்துவிடுகிறது, தனியாக உறை ஊற்ற வேண்டியதில்லை.

சரி, பார்த்துவிடலாம் என்று ஒரே மாவை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் எடுத்தேன். ஒன்று கையால் கரைத்தது, மற்றது வெந்நீரில் கழுவிய கரண்டியால். மாவு மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் எழும்பின. அப்படியானால் குறை கையில் இல்லை. குளிரில்தான்: வழக்கமான இடத்தில் வைத்த மாவுக்குள் வெப்பமானியை விட்டால் 15 டிகிரி காட்டியது!

இரண்டாம் வாரம் அவசரப்பட்டேன். தெர்மோகோல் பெட்டிக்குள் பாத்திரத்தைச் சுற்றி மூன்று பாட்டில் கொதிநீர் வைத்துவிட்டேன். மாவு 41 டிகிரிக்குப் போனது. காலையில் மூடியைத் திறந்ததும் புளிப்பு நெடி, அடியில் தண்ணீர் பிரிந்திருந்தது, பொங்கியதும் கொஞ்சம்தான். இந்த பாக்டீரியாவுக்கு அவ்வளவு சூடு ஆகாது, 20 முதல் 30 டிகிரிதான் அதற்கு ஏற்றது. சூடு ஏறினால் வேறு வகைகள் முந்திக்கொண்டு புளிக்க வைத்துவிடுகின்றன.

மூன்றாம் வாரம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பெட்டியில் ஒரே ஒரு வெந்நீர் பாட்டில். படுக்கப் போகுமுன் ஒரு தடவை மாற்றினேன். மாவு 28 டிகிரியில் நின்றது. காலையில் டம்ளரைப் பார்த்தபோது அவ்வளவு மகிழ்ச்சி: 6 செ.மீ.யில் இருந்த மாவு 12-ஐத் தாண்டியிருந்தது. கண்ணாடி வழியே கடுகளவு குமிழிகள், மேலே போகப் போகப் பெரிதாகி, உச்சியில் தேன்கூடு போல. கரண்டியை விட்டால் 'சொரசொர'வென்று மெல்லிய சத்தம்.

அந்தக் குமிழிகள் உடையாமல் நிற்பது உளுந்தால். மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் செய்த ஆய்வுகள், உளுந்தின் குளோபுலின் புரதம் நுரையைக் கட்டுகிறது, அதிலுள்ள அராபினோகாலக்டன் என்ற பசை அதைத் தாங்குகிறது என்று காட்டின. இதற்கும் ஒரு டம்ளர் வைத்தேன். நாலுக்கு ஒன்று உளுந்து போட்ட மாவு அப்படியே நின்றது. எட்டுக்கு ஒன்று போட்டது உப்பிவிட்டு, காபி குடித்து வருவதற்குள் அமுங்கிவிட்டது. உளுந்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை அன்றே விட்டேன்.

இதெல்லாம் வெள்ளை உளுந்தில் பார்த்தது. இந்த வாரத்துக்குத் தோலுளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.