எங்கள் பஸ்ஸுக்கு கேஸ் ஏற்றிய கதை

கானாடுகாத்தான் வீட்டு வாசலில் நிற்கும் பழைய பஸ்ஸில் கட்டில், அடுப்பெல்லாம் வைத்து குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற மாதிரி மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, ஏசி மட்டும் சித்திரை வந்தால் காலை வாரிவிடும். போன தடவை ஒரு கடையில் லீக் எங்கே என்று பார்க்காமலே ஏசி கேஸ் அடித்து அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் காலி. அது என்ன டீசலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

இந்த முறை காரைக்குடி மெக்கானிக் அண்ணன் முதலில் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினார், கூரைக்கு ஏறும் ஹோஸ் ஜாயின்ட்டில் குமிழி வந்தது. ரப்பர் வளையமான ஓ-ரிங், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் இரண்டையும் மாற்றி, உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கும் வாக்குவம் பம்ப்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டார். நான் நேரமாகிறதே என்று நெளிந்தேன். “பொறுங்க தம்பி, உள்ளே ஈரம் நின்னா, கேஸ் போற குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வுல ஐஸா அடைச்சுக்கும்” என்றார்.

எங்களுடையது ஆர்12 என்ற பழைய ஏசி கேஸ் காலத்து சிஸ்டம். அதற்குப் பின் வந்த ஆர்134ஏ கேஸுக்கு மாற்றும்போது கம்ப்ரஸருக்கான பழைய மினரல் ஆயில் அதோடு கலக்காது, எஸ்டர் ஆயில் வேண்டும், கேஸும் பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும். அதனால் சிலிண்டரைத் தராசில் வைத்து, கிராம் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றினார். பிரஷர் காட்டும் கேஜை மட்டும் நம்பி அடிப்பவர்களிடம் இனி வண்டியை விட மாட்டேன்.

சாயங்காலம் அப்பத்தா பின் சீட்டில் போர்வை கேட்டார்கள், அவ்வளவு குளிர்!