சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

அத்தான் புதிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார் வாங்கியதும் அதை நேராகக் கொண்டுவந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்திய விதமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

என்னுடையது 1982ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 டிடி ஸ்டேஷன் வேகன். அவருடையது எஸ் 500. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே மூன்று லிட்டர் எஞ்சின்தான். என் ஐந்து சிலிண்டர் டீசல் 88 குதிரைத்திறன் தரும். அவருடைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 435. மேட்டில் ஏறும்போது இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரியும்.

அன்று ஒரு புத்தக அலமாரியை எடுத்து வர வேண்டியிருந்தது. தன் வண்டியிலேயே போகலாம் என்றார். போகும் வழியெல்லாம் சொகுசுதான், மறுப்பதற்கில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துவிட்டது. குறுகிய திருப்பத்தில் பின்சக்கரங்களும் சேர்ந்து திரும்பின. குளிர் அதிகமாக இருந்ததால் குறைக்க நினைத்தேன். குமிழைத் தேடிய என் கை திரையில்தான் போய் முட்டியது. என் வண்டியில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பலாம்.

அலமாரி டிக்கியில் நுழையவில்லை. கொள்ளளவு 550 லிட்டர் இருந்தாலும் வாய் சிறியது அல்லவா? அத்தான் அதைச் சாய்த்துப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார், பிறகு புதிய பெயின்ட்டைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து என் வேகனை எடுத்துக்கொண்டு போனோம். பின்னிருக்கையை மடக்கியதும் அலமாரி படுத்துக்கொண்டது.

பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்தது. "ஸ்பிரிங் போய்விட்டதா?" என்றார் அத்தான். "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினின் முன்சூடு விளக்கு அணையும்வரை காத்திருந்து, பிறகு கிளப்பினேன். எஞ்சினின் வேகத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பம்ப் வண்டியின் பின்பக்கத்தை மெல்ல நிமிர்த்தியது. கணினி இல்லை, திரையில் அறிவிப்பும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுந்தூரம் போவதென்றால் அத்தானின் வண்டியைத்தான் கேட்பேன். என்னுடையதில் ஏர்பேக் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. பழைய இரும்பு கெட்டி என்று மார்தட்டுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மோதும்போது உள்ளே இருப்பவர் கெட்டியாக இருக்க முடியாதே.

வீட்டுக்கு வந்து சாவியை உருவினேன். எஞ்சின் நிற்கவில்லை. சாவியைத் திருப்பியதும் இந்த டீசலுக்கு எரிபொருளை நிறுத்துவது, ரப்பர் குழாய்கள் வழியாக வரும் வெற்றிட அழுத்தம். ஏதோ ஒரு ரப்பர் குழாயில் காற்று கசிந்தால் சாவிக்கு மரியாதை போய்விடும். குழாய்களை மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான், ஆகவே குற்றமும் என்னுடையதே.

சாவி என் கையில், எஞ்சின் கடகடவென்று ஓட்டத்தில். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பானெட்டைத் திறந்து, எரிபொருள் பம்ப் பக்கத்தில் இருக்கும் சிறிய நெம்புகோலைக் காட்டினேன்.

"இதை அழுத்தினால் நின்றுவிடுமா?"

"நின்றுவிடும்."

"நீ தள்ளி நில், நான் அழுத்துகிறேன்."

அழுத்தினார். ஒரு குலுக்கலோடு வண்டி அடங்கியது. கையில் பட்ட கரியைக்கூடத் துடைக்காமல், "இன்னொரு முறை கிளப்பு" என்றார்.