ஓட்டில் குழைத்த காவி

தென்னாப்பிரிக்காவின் கடலோரத்தில் புளோம்போஸ் என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த இரண்டு ஓடுகளின் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அபலோன் என்ற பெரிய கடல் நத்தையின் ஓடுகள், வயது சுமார் ஒரு லட்சம் ஆண்டு. செங்காவிப் பொடி, நசுக்கிய எலும்பு, கரித்தூள், ஏதோ ஒரு திரவம், எல்லாவற்றையும் அந்த ஓட்டில் போட்டுக் குழைத்திருக்கிறார்கள். அரைத்த கல்லும் கூடவே இருந்தது. உடம்பில் பூசவோ எதையாவது அலங்கரிக்கவோ இருக்கலாம் என்கிறார்கள். எதற்காக இருந்தால் என்ன, தனித்தனியாகக் கிடக்கும் நாலு பொருள்களைச் சேர்த்தால் ஐந்தாவதாக ஒன்று வரும் என்று யாரோ மனசுக்குள் முதலில் பார்த்திருக்கிறார்கள் இல்லையா? என்னைப் பொறுத்தவரை படைப்பாற்றல் என்பது அந்தப் பார்வைதான்.

அதே காவி தென்னாப்பிரிக்காவின் இன்னொரு குகையான சிபுடுவில் பசைக்குள் போயிருக்கிறது. சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன், கல் முனையைக் கம்பில் ஒட்ட, மரப்பிசினோடு காவியைக் கலந்திருக்கிறார்கள். லின் வாட்லி என்ற தொல்லியலாளர் தானே அதைச் செய்து பார்த்தார். வெறும் பிசின் சீக்கிரம் உடைந்துவிடுகிறது, காவி சேர்த்தால் பிடிக்கிறது, ஆனால் நெருப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால் கொதித்துக் குமிழி விட்டுப் பலவீனமாகிவிடுகிறது. கண்ணை எடுக்காமல் பக்குவம் பார்த்துச் செய்யவேண்டிய வேலை அது, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வராது.

சரி, இதெல்லாம் ஏன் முன்பே நடக்கவில்லை? கைக்கோடரி என்ற, கையில் பிடித்து வெட்டும் கல் கருவி சுமார் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றி, அப்புறம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் தொடர்ந்தது. மூளையின் அளவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் மொராக்கோவின் ஜெபெல் இர்ஹுதில் சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களின் மூளையே அளவில் நம்முடையதோடு ஒப்பிடத்தக்கது. தென்னாப்பிரிக்காவிலோ மிக நேர்த்தியான கல் முனைகள் தோன்றி, சில ஆயிரம் ஆண்டுகள் இருந்துவிட்டு, காணாமலே போயிருக்கின்றன. ஆள்கூட்டமும் கூட்டங்களுக்கு இடையே போக்குவரத்தும் இருக்கும்வரைதான் ஒரு உத்தி பிழைக்கும் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இதில் விவாதம் ஓயவில்லை, ஆனால் பசை காய்ச்சும் வேலையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. தெரிந்த நாலு பேரும் செத்துப்போனால் அந்தப் பக்குவமும் அவர்களோடு போய்விடும்.

புளோம்போஸில் இன்னொன்றும் கிடைத்தது, 2018-ல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. நாலு சென்டிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு கல் சில்லு. 73,000 ஆண்டுகளுக்கு முன் கூரான காவிக்கட்டியால் அதில் ஆறு கோடு இழுத்து, குறுக்கே மூன்று கோடு போட்டிருக்கிறார்கள். கோடுகள் சில்லின் விளிம்பில் சட்டென்று நின்றுவிடுகின்றன, உடைவதற்கு முன் அந்தக் கல்லில் படம் இன்னும் நீண்டு போயிருக்கிறது.