7.68 சி.பி.எம். (கனமீட்டர்) சரக்கு கிடங்கில் 9.54 ஆனது

கரூரிலிருந்து ஹாம்பர்க்குக்கு 80 பெட்டி டெரி டவல். முழு கண்டெய்னருக்குச் சரக்கு தேறாததால் தூத்துக்குடி வழியாக எல்.சி.எல். புக்கிங், அதாவது பலர் சரக்கோடு ஒரே கண்டெய்னரில். இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், லாரி எதிலும் சிக்கல் இல்லை. பலர் சரக்கையும் சேர்த்துக் கண்டெய்னரில் ஏற்றும் சி.எஃப்.எஸ். கிடங்கில் சரக்கு இறங்கியதும், கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டர் ஆபீஸிலிருந்து போன்: "சார், உங்க கார்கோ 9.54 வருது. புக்கிங்ல 7.68தானே போட்டிருக்கு?"

எல்.சி.எல்.லில் ஒரு கனமீட்டரா, 1,000 கிலோவா, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். பெட்டிக்கு 18 கிலோ வீதம் என் சரக்கு மொத்தமே 1,440 கிலோ. ஆக, பணம் முழுக்கக் கன அளவுக்குத்தான். விலை பேசியது சி.எஃப்.ஆர். என்பதால் கடல் ஃப்ரெய்ட் என் தலையில். ஹாம்பர்க்கில் இறக்குகூலி, சரக்கை வாங்குபவர் தலையில். அங்கேயும் இதே சி.பி.எம்.தான் கணக்கு. அவர் சும்மா இருப்பாரா?

கிடங்கில் அளந்து எழுதிய டாலி ஷீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்தேன். 63 × 43 × 44 செ.மீ., பெருக்கல் 80. ஒரே ஒரு பெட்டியைத்தான் அளந்திருக்கிறார்கள், அதுவும் வயிறு புடைத்த பெட்டியை! டவல் எவ்வளவு அமுக்கினாலும் டேப் ஒட்டிய பிறகு உப்பும். லாரியில் அடி வரிசைப் பெட்டி பக்கவாட்டில் பிதுங்கும். அதில் ஒன்றை எடுத்து எண்பதுக்கும் அதே அளவு என்றால் எந்த ஊர் நியாயம்?

"அவங்க அளந்தா அளந்ததுதான் சார், மாத்த மாட்டாங்க" என்றார் ஃபார்வர்டர் ஆபீஸ்காரர். நான் விடவில்லை. ஸ்டஃபிங்குக்கு (கண்டெய்னரில் ஏற்றுவதற்கு) முன்பே மறுபடி அளக்க வேண்டும் என்று மெயில் போட்டேன். கிளியரிங் ஏஜென்ட்டின் ஆளை அங்கேயே நிற்கச் சொன்னேன். அடுக்கில் அங்கங்கே பெட்டிகளை உருவி அளந்தார்கள். சராசரி 61 × 41 × 42. பெட்டிக்கு 0.105, மொத்தம் 8.40. பில்லும் அதற்கே வந்தது. சரக்கு கண்டெய்னருக்குள் போய்ச் சீல் விழுந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

8.40 நியாயமான அளவு. பெட்டிக்காரர் கொடேஷனில் போட்ட 60 × 40 × 40 உள்அளவு; புக்கிங்கில் போட்ட 7.68 அதிலிருந்து வந்ததுதான். ஐந்து ப்ளை (அடுக்கு) அட்டை ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர் தடிமன். நீளத்திலும் அகலத்திலும் ஒரு சென்டிமீட்டர் கூடும். உயரத்தில் மேல் மடிப்பு இரண்டு, கீழ் மடிப்பு இரண்டு, ஆக இரண்டு சென்டிமீட்டர். கேட்டால் ஒழிய எந்தப் பெட்டிக்காரரும் இதைச் சொல்வதில்லை. வெளி அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேக்கிங் முடிந்த பிறகு, புடைத்த இடத்தில் டேப் வைத்து அளந்து, எண் தெரியும்படி போட்டோ எடுத்து புக்கிங் மெயிலிலேயே சேர்த்துவிடுங்கள்.

அவசர ஆர்டர் என்று விமானத்துக்கு மாறினால் கணக்கே வேறு. கன செ.மீ.யை 6,000ஆல் வகுத்தால் இதே பெட்டி 17.5 கிலோ, உண்மை எடை 18 என்பதால் எடைக்கே காசு. கூரியரில் பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள், 21 கிலோ ஆகிவிடும்.

பேலட்டில் (அடியில் வைக்கும் தட்டில்) கட்டுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பேலட் உயரமும் சேரும். பெட்டி ஓரம் தாண்டி நீட்டினால் நீட்டிய இடம்வரை அளப்பார்கள். மேலே அடுக்கக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டினால் மேலிருக்கும் காலி இடத்துக்கும் காசு கேட்பார்கள். துணிச் சரக்குக்கு அந்த ஸ்டிக்கர் தேவையே இல்லை.