‘பிறகு’ என்ற பொத்தான்

பிப்ரவரியில் என் போனில் வந்த அறிவிப்பு அது. "புதிய சிஸ்டம் அப்டேட் தயார். இப்போது நிறுவவா?" கீழே இரண்டு பொத்தான்கள், ‘நிறுவு’, ‘பிறகு’ என்று. மே மாதம் வரை நான் ‘பிறகு’வைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். காலையில் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்கு முன்பே கட்டைவிரல் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

சோம்பல் இல்லை, பயம். இதற்கு முன்னால் வைத்திருந்த போனால் வந்த பயம். 2 ஜிபி ராம், அதாவது ஓடும் ஆப்களைத் தாங்கும் நினைவகம், இருந்த எளிய போன் அது, அதன் போக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் எதையும் யோசிக்காமல் அப்டேட் போட்டேன். மறுநாள் ‘வந்துவிட்டேன்’ என்று ஒரு செய்தி அடிக்கிறேன். ‘வ’ வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. சரி, விரல் சரியாகப் படவில்லை என்று ‘ந்து’வை மறுபடி அடித்தேன். ஒரு மூச்சு விட்டுவிட்டு மொத்தமாகக் கொட்டியது, ‘வந்துந்து’. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பெயர் தெரிவதற்குள் மணி நின்றுவிடும். பழைய வெர்ஷனுக்கே மாற்றிக் கொடுங்கள் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே எட்டு மாதம் ஓட்டினேன். சூடு கண்ட பூனைக்கு அடுப்பங்கரைப் பக்கம் என்ன வேலை?

இப்போதைய போன் 2021இல் வாங்கியது. ஆண்ட்ராய்டு 11 உடன் வந்தது. 12, 13 இரண்டையும் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டேன், அப்போது அது புதுப் போன், தாங்கும் என்ற தெம்பு இருந்தது. 14தான் இடித்தது. மூன்று வெர்ஷன் தருவோம் என்று சொல்லி விற்ற போன் இது, ஆக இதுதான் கடைசி. கடைசி வெர்ஷன் சரியில்லாமல் போனால் அதைச் சரிசெய்ய அடுத்தது வராதே என்பதுதான் என் கணக்கு. (இப்போது சில நிறுவனங்கள் 7 வருட அப்டேட் தருகின்றன. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் எஸ்24 வரிசை எல்லாம் அப்படித்தான். நாம் வாங்கும்போது அந்தப் பேச்சே இல்லை.)

அக்கா மகன் வந்திருந்தபோது போனை நீட்டினேன்.

"போடலாமா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கலாம் சித்தி. முதல்ல செக்யூரிட்டி தேதி என்னன்னு பாருங்க" என்றான்.

செட்டிங்ஸில், போனைப் பற்றிய விவரங்களின் உள்ளே, ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொட்டால் அந்தத் தேதி இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் அங்கே போனதில்லை. ‘1 ஜனவரி 2024’ என்று இருந்தது. அன்றைக்கு மே 11.

"நாலு மாசமா பேட்ச் ஏறலை. 13க்கு இனிமே தனியா தரமாட்டாங்க. உங்க மாடலுக்கு 14 வந்த பிறகு பேட்ச் எல்லாம் அது மேலதான் வரும்."

எனக்கு இது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. வெர்ஷன் என்பது வேறு, பேட்ச் என்பது வேறு. வெர்ஷன் வீட்டை மாற்றிக் கட்டுவது, பேட்ச் உடைந்த தாழ்ப்பாளைச் சரிசெய்வது. வீட்டை மாற்ற வேண்டாம் என்று நான் ‘பிறகு’ அழுத்திக்கொண்டிருக்க, தாழ்ப்பாளும் அப்படியே கிடந்திருக்கிறது. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம், போனுக்குள் நுழைந்துவிடலாம் என்ற நிலை. மாதாமாதம் பேட்ச் வெளியிடும் வழக்கத்தை கூகுள் அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான் தொடங்கியது. வங்கி ஆப் வைத்திருக்கும் போனில் இதை அசட்டை செய்யக் கூடாது என்பது புரிந்தது.

அதற்காக முதல் நாளே பாய்ந்து போட வேண்டியதும் இல்லை. 14 வந்த அக்டோபர் 2023இல், பிக்சல் போன்களிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்த சிலருக்குத் தங்கள் படங்களையும் ஃபைல்களையும் திறக்க முடியாமல் போனது. ஆப்பிளும் 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 விட்டு, ஐபோன் 6இல் சிக்னலே போய்விட்டதால் அன்றைக்கே திரும்பப் பெற்றது. மூன்று வாரம் காத்திருந்தால் அது விவேகம். நான் செய்தது மூன்று மாதம், அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

"மெதுவாகிடுமேடா" என்றேன்.

"பேட்டரி மாத்தினீங்கல்ல போன வருஷம்? அப்ப பயப்படாதீங்க."

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2017 தொடக்கத்தில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று அந்த டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அப்டேட் போட்டால் மெதுவாகும் என்ற சந்தேகம் முழுக்க மூடநம்பிக்கை இல்லை என்று அறிந்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். என் பழைய போனுக்கு வந்த கோளாறு வேறு, அதற்கு ராம் போதவில்லை. இதில் 6 ஜிபி இருக்கிறது.

இன்னொரு முள்ளும் இருந்தது. வரவு செலவு எழுத ஒரு குட்டி ஆப் வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக் கணக்கு அதில் இருக்கிறது. அதைச் செய்தவர் எப்போதோ கைவிட்டுவிட்டார், பிளே ஸ்டோரிலும் இல்லை. போன் மாறும்போதெல்லாம் அதை நிறுவ உதவும் ஏபிகே ஃபைலை நானே கொண்டுவந்து போட்டுக்கொள்வேன். மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்காக எழுதிய ஆப்களை, அதாவது 6க்கு முந்தைய காலத்தவற்றை, 14 புதிதாக நிறுவ விடாது. ஏற்கெனவே போனில் இருந்தால் விட்டுவைக்கும். என்றைக்காவது போனை ரீசெட் செய்தால் அதோடு போயிற்று.

மூன்று மாதமாக என்னைத் தடுத்தது உண்மையில் இதுதான் என்று நினைக்கிறேன். புதிதாக என்ன வரும் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை, திரும்பி வரமுடியாது என்பதுதான் அரித்தது. ஆண்ட்ராய்டில் பழையதற்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், பல போன்கள் அதற்கும் சம்மதிக்காது. ஐபோனிலோ பழைய வெர்ஷனை நிறுவ ஆப்பிள் கையொப்பம், அதாவது அனுமதி, தருவதை நிறுத்திவிட்டால் கதவு மூடிவிடும். ஒரே ஒரு ஆறுதல், பல போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு அறைகள் உண்டு. நாம் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே புதியது மற்றதில் ஏறும். அது எழுந்திருக்கவில்லை என்றால் போன் தானாகப் பழைய அறைக்கு வந்துவிடும். என் போனிலும் அப்படித்தானாம். ஆனால் புதியது ஒரு தடவை ஒழுங்காக எழுந்துவிட்டால் பழைய அறையை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்தச் சனிக்கிழமை முழுக்கப் பொறுக்கி எடுக்கும் வேலை. ஆப்பில் இருந்த கணக்கை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணை ஃபைலாக வெளியே எடுத்தேன், கம்ப்யூட்டரில் திறந்து கடைசி வரிவரை வந்திருக்கிறதா என்று பார்த்தேன். எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் திறந்து பார்க்காமல் விடுவதற்குப் பெயர் பேக்கப் இல்லை. படங்கள், வாட்ஸப், தொடர்பு எண்கள். பலரும் மறப்பது, நானும் மறக்க இருந்தது, பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டக் குறியீட்டைத் தரும் ஆப். போன் சதி செய்தால் மெயிலுக்குள்ளேயே நுழைய முடியாது. மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைத்தேன். இடம் 3 ஜிபிதான் மிச்சம் இருந்தது, ஒரே பூவை பதினோரு தடவை எடுத்த படங்களை அப்போதுதான் அழித்தேன்.

இரவு ஒன்பதரைக்கு ‘நிறுவு’. அரை மணிக்குமேல் எடுத்தது. பிறகு ரீஸ்டார்ட். நிறுவனத்தின் பெயர் வந்து, புள்ளிகள் சுற்றி, நின்று, மறுபடி சுற்றின. "பார்த்துக்கிட்டே இருந்தா வேகமா வராது சித்தி" என்று உள்ளேயிருந்து குரல்.

முதல் இரண்டு நாள் போன் கையில் சுட்டது, சாயங்காலத்துக்குள் சார்ஜ் 20 சதவீதத்துக்கு வந்தது. ஆப்களையெல்லாம் புது சிஸ்டத்துக்கு ஏற்பத் திருப்பி அடுக்கும் வேலை பின்னால் நடப்பதால் அப்படி இருக்கும், ஒரு வாரம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றான். மூன்றாம் நாள் அடங்கியது. ‘வந்துவிட்டேன்’ அடித்துப் பார்த்தேன், விரலோடு கூடவே வந்தது. டார்ச் பொத்தானை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இருட்டில் நின்று தேடும்போதெல்லாம் திட்டுகிறேன். செக்யூரிட்டி தேதியில் ஏப்ரல் வந்திருக்கிறது.

அந்தக் கணக்கு ஆப்பைக் கடைசியாகத்தான் தொட்டேன். இது பழைய ஆண்ட்ராய்டுக்காக உருவாக்கப்பட்டது, சரியாக இயங்காமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை. ‘சரி’யை அழுத்தினேன். மங்கலான அதே பச்சைப் பக்கம் திறந்தது. விட்டுப்போன மூன்று நாள் செலவை எழுதி முடித்து, மறக்காமல் இன்னொரு சிஎஸ்வி எடுத்துக்கொண்டேன்.