ஜமுக்காளத்துக்கு அடியில் ஓர் ஆம்ப்

மேல்மருவத்தூர் தாண்டியதும், காரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டிலிருந்து பாஸ், அதாவது அந்த அடிச்சத்தம், மட்டும் காணாமல் போனது. கதவு ஸ்பீக்கர்கள் பாடிக்கொண்டுதான் இருந்தன, டிக்கியிலிருந்து வரும் அந்த ‘டும்’ இல்லை. கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. போன வருஷம் எங்கள் வீட்டு மிக்சி புகைந்தபோது அடித்ததே, அதே வாடை.

அக்கா மகளுக்கு விழுப்புரத்தில் காதுகுத்து. தாய்மாமன் நான் என்பதால் சீர்த்தட்டு மொத்தமும் என் பழைய வேகன் ஆர் டிக்கியில். அங்கே ஏற்கெனவே பாஸுக்கென்றே உள்ள 12 இன்ச் ஸ்பீக்கர், சப்வூஃபர், அதன் பெட்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பவர் கொடுக்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) அந்தப் பெட்டியின் தலையிலேயே திருகப்பட்டிருந்தது. தட்டு வழுக்கக் கூடாதே என்று அதன்மேல் ஜமுக்காளத்தை நாலாய் மடித்துப் போட்டவன் நான்தான். மே மாத வெயில் வேறு. ஆம்பின் ஹீட்சிங்கில் அலுமினியத் தகடுகள் சூட்டைக் காற்றில் விடத்தான் இருக்கின்றன என்று தெரிந்தவன் செய்கிற வேலையா இது?

ஓரமாக நிறுத்தி, தட்டுகளை இறக்கி, ஸ்டீரியோவை மறுபடி போட்டேன். சப்வூஃபரின் கோன், அதாவது முன்னால் அதிரும் கூம்பு, ‘தொப்’பென்று ஒருமுறை வெளியே துள்ளியது, உடனே உள்ளே போய்விட்டது. ஆம்பில் சிவப்பு விளக்கு, கோளாறு என்று அர்த்தம். அந்த ‘தொப்’பிலேயே பாதிக் கதை இருந்தது, எனக்கு அப்போது உறைக்கவில்லை. சரி, சப் போச்சு என்று ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

தாம்பரம் திரும்பிய பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். என் சப்பில் கோனை அசைக்கும் கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், இரண்டு, ஒவ்வொன்றின் மின்தடையும் 4 ஓம். நல்ல காயில் மீட்டரில் 3.5 சுமார் காட்டும். ஒன்று 3.6 காட்டியது. இன்னொன்றில் எதுவுமே இல்லை, அறுந்திருந்தது. கோனின் நடுவில் இரண்டு கைவிரல்களையும் பரப்பி வைத்து மெதுவாக அழுத்தினால் உள்ளே சரக் சரக் என்று தேங்காய் துருவுகிற மாதிரி உரசல். காயில் சூட்டில் உப்பிப்போய்க் காந்த இடுக்கில் தேய்கிறது. உயிரோடிருக்கும் காயிலும் உபயோகமில்லை.

என் மச்சான் இதற்கென்றே காத்திருந்தவன்போல் அவன் வீட்டுப் பரணில் கிடந்த 10 இன்ச் சப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். “மாமா, இதைப் போட்டுப் பாருங்க.” போட்டேன். ‘தொப்.’ கோன் துள்ளியது, சிவப்பு விளக்கு. மச்சான் முகம் போன போக்கைப் பார்த்து ஃபியூஸைப் பிடுங்கினேன். நல்லவேளை, அரை விநாடிதான். அவன் காயில் பிழைத்தது.

அப்போதுதான் புத்தி வந்தது. ஸ்பீக்கர் ஒயர், ஸ்டீரியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயர் எல்லாவற்றையும் கழற்றி, பவர், கிரவுண்டு, ரிமோட் மூன்றை மட்டும் விட்டு ஆன் செய்தேன். அப்படியும் சிவப்பு. ஆகக் கோளாறு ஆம்புக்குள்ளேயே. இதை முதலிலேயே செய்திருந்தால் மச்சானின் சப்பைப் பணயம் வைத்திருக்க வேண்டாம். கோன் துள்ளியது ஏனென்றால், பாட்டுக்குப் பதில், பேட்டரியில் வருவதுபோல் ஒரே திசையில் நிற்கும் டிசி வோல்டேஜ் நேராக காயிலுக்குப் போயிருக்கிறது. டிசி போனால் கோன் அதிராது, ஒரே பக்கம் தள்ளி நிற்கும், காயில் ஹீட்டராகிவிடும். ஆம்புக்குள் பாதுகாப்பு வேலை செய்யும், ஆனால் எப்போதும் நேரத்துக்குச் செய்யாது.

ஆம்பைக் குரோம்பேட்டையில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். “ஆன் பண்ண உடனே ஃபியூஸ் போகுதா தம்பி?”

“இல்லண்ணே, சிவப்பு லைட் மட்டும்தான்.”

“அப்ப சப்ளை பக்கம் இருக்கிற மாஸ்ஃபெட், அதான் அந்த ஸ்விட்ச் டிரான்சிஸ்டர், பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். ஸ்பீக்கருக்குப் போற அவுட்புட்டப் பாக்கலாம்.”

மூடியைக் கழற்றி, ஹீட்சிங்கோடு கிளிப் போட்டிருந்த டிரான்சிஸ்டர்களில் ஒவ்வொன்றாக மீட்டர் ஊசியை வைத்தார். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவில் மீட்டர் கத்தக் கூடாது. மூன்றாவது கத்தியது, ஷார்ட். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை, கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளப்பு. பக்கத்தில் வெள்ளை நிறச் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று மட்டும் நடுவில் விண்டிருந்தது.

“ஜோடியாத்தான் மாத்தணும். ரிச்சி தெருவுல வாங்கிட்டு வா. எடை குறைவா இருந்தா வாங்காத, டூப்ளிகேட்.” டிரான்சிஸ்டர் நம்பர் ஏ1941ம் சி5198ம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அங்கே நான் அலைந்து வாங்கிவந்த முதல் ஜோடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவைதான் தலையாட்டினார்.

மாட்டிய பிறகு நேராக பேட்டரியில் கொடுக்கவில்லை. பவர் ஒயருக்கு நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பைத் தொடுத்தார். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்சிஸ்டர் தப்பிக்கும். பல்ப் ஒருமுறை மின்னி மங்கியது. பச்சை விளக்கு. ஸ்பீக்கர் முனையில் டிசி அளந்தார், 14 மில்லிவோல்ட். “ஐம்பதுக்குள்ள இருந்தா போதும்.” கூலி 600 ரூபாய்.

சரி, ஜமுக்காளம் மட்டும்தான் காரணமா? திரும்ப மாட்டும்போது டார்ச் அடித்து ஆம்பின் பக்கவாட்டைப் படித்தேன். இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்காகச் சேர்த்தால், அதாவது பிரிட்ஜ் போட்டால், குறைந்தது 4 ஓம் என்று அச்சடித்தே இருக்கிறது. மாட்டிக்கொடுத்த கடைக்காரர் இரண்டு காயிலையும் பேரலலில் இணைத்திருந்தார், அதாவது 2 ஓம். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுத்துச் சூடாகும். பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் பாதிதான் தெரியும், 1 ஓம். எட்டு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். “அப்பதான் சார் நல்லா அடிக்கும்” என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது, அடித்ததும் உண்மைதான். நானும் அன்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டவன், ஓம் எத்தனை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சப்புக்குப் புதுக் காயிலும் கோனும் போட 1,400 ஆயிற்று. இந்த முறை இரண்டு காயிலையும் சீரிஸில் இணைத்தேன், 8 ஓம். சத்தம் குறைவுதான், மச்சான் “என்ன மாமா, சளி பிடிச்ச மாதிரி இருக்கு” என்கிறான். மகாபலிபுரம் போய்வந்து ஹீட்சிங்கில் கை வைத்தேன், வெதுவெதுப்போடு சரி. ஜமுக்காளம் இப்போது பின்சீட்டில்.

ஒரே ஒரு தொல்லை மிச்சம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘வீஈஈ’ என்று ஒரு இழுவை கூடவே ஏறுகிறது. கிரவுண்டு ஒயரைப் பெயின்ட் சுரண்டாமலே திருகிவிட்டேன் என்று சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளோடு டிக்கிக்குள் படுக்க வேண்டும்.